பத்திரம் இல்லாதவங்கள யாரு கணக்கெடுக்கறது?

ரோடு, அணை, சுரங்கம்னு ஏதாவது வருதுன்னா அதனால ஜனங்களுக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே பாத்து சொல்றதுதான் என் வேலை, சமூகத் தாக்க மதிப்பீடுன்னு பேரு. இதுல திரும்பத் திரும்ப நடக்கற தப்பு ஒண்ணு இருக்கு. சர்வே ஃபார்ம்ல வீடு எத்தனை, நிலம் எவ்ளோ, மரம் எத்தனைன்னு கட்டம் போட்டிருப்பாங்க, அந்த நிலத்த குத்தகைக்கு ஓட்றவரு, கூலிக்கு வர்றவங்க, பொது நிலத்துல ஆடு மேய்க்கற அம்மா, இவங்களுக்கெல்லாம் கட்டமே இருக்காது. பத்திரம் இல்ல, அதனால லிஸ்ட்லயும் இல்ல. கட்-ஆஃப் தேதி, அதாவது யாருக்கெல்லாம் பாதிப்புன்னு கணக்கெடுக்கற கடைசி நாள், தாண்டிட்டா அப்புறம் பேர சேர்க்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும்.

மைக்கேல் செர்னியான்னு உலக வங்கில இருந்த சமூகவியலாளர், இடம் பெயர்றவங்களுக்கு வர்ற ஆபத்த எட்டா பிரிச்சு வச்சிருக்காரு. நிலம், வேலை, வீடு போறது, ஒதுக்கப்படறது, சாப்பாட்டுக்கு திண்டாடறது, நோய், பொதுச்சொத்து கை விட்டுப் போறது, கடைசியா அக்கம்பக்க உறவு அறுந்து போறது. என்னைக் கேட்டா அந்தக் கடைசி ஒண்ணுலதான் நாங்க கோட்டை விடறோம். குலுக்கல் போட்டு புது வீடு குடுத்தா பாக்க நியாயமாத்தான் தெரியும், ஆனா புள்ளைய பாத்துக்கன்னு விட்டுட்டு வேலைக்குப் போன பக்கத்து வீடு இப்போ நாலு தெரு தள்ளி, அவசரத்துக்கு கைமாத்து குடுக்கற ஆள் எங்க இருக்காருன்னே தெரியாது. இதுக்கு நஷ்டஈட்ல என்ன ரேட் போடுவீங்க?

ஒருதடவ நானே பகல்ல கூட்டம் போட்டேன், வந்தது எல்லாம் ஆம்பளைங்க, வேலை கிடைக்குமான்னுதான் கேட்டாங்க. கிளம்பும்போது ஒரு அக்கா, "சுவர் வச்சிட்டா தண்ணிக்கு எந்தப் பக்கமா போறது?"ன்னாங்க. திட்டத்தோட ட்ராயிங்ல அந்த ஒத்தையடிப் பாதையே கிடையாது.

கனடாவுல மெக்கன்ஸி பள்ளத்தாக்கு எரிவாயு பைப்லைன் பத்தி விசாரிக்க 1974-ல நியமிச்ச நீதிபதி தாமஸ் பெர்கர் 35 ஊருக்கு நேர்ல போய் ஜனங்க பேசறத கேட்டாரு, பூர்வகுடிகளோட நில உரிமை தீரட்டும், 10 வருஷம் தள்ளிப் போடுங்கன்னு 1977-ல அறிக்கை குடுத்தாரு. வேண்டாம், தள்ளிப் போடுன்னு சொல்ல இடம் இருந்தாத்தான் அது மதிப்பீடு, டிசைன் முடிஞ்சப்புறம் கூப்பிட்டு கையெழுத்து வாங்கறது வெறும் சடங்கு.

உங்க ஊருக்கு சர்வே டீம் வந்தா கட்-ஆஃப் தேதி என்னன்னு முதல்ல கேளுங்க, லிஸ்ட்ட எல்லார் முன்னாடியும் வாசிக்கச் சொல்லுங்க, குத்தகைக்காரங்க, வாடகைக்கு இருக்கறவங்க பேர் அதுல இருக்கான்னு பாருங்க. ஃபார்ம்ல கையெழுத்து போட்டா ஒரு காப்பி வாங்காம விடாதீங்க.