மிதவைத் தடுப்பு: சொல் விளக்கம்

2023 ஜூலையில் டெக்சாஸ் மாநில அரசு ஈகிள் பாஸ் ஊரையொட்டி, ரியோ கிராண்டே ஆற்றில் சுமார் 1000 அடி நீளத்துக்கு ஆரஞ்சு நிற உருண்டைகளை வரிசையாக இறக்கியது. மெக்சிகோ பக்கமிருந்து ஆற்றைக் கடந்து வருபவர்களைத் தடுக்க ஆளுநர் கிரெக் அபட் செய்த ஏற்பாடு. அந்த உருண்டைக்கு ஆங்கிலத்தில் 'பாய்' என்று பெயர். அமெரிக்கர் வாயில் 'பூயி'. அப்படியே தமிழில் எழுதினால் படுக்கிற பாயா, மரக்கலப் பாயா என்று தடுமாற வேண்டியதுதான். நல்லவேளை, மிதவை இருக்கிறது.

பற என்பதிலிருந்து பறவை வந்தது போல மித என்பதிலிருந்து மிதவை. சங்ககாலத்தில் இது கூழுக்கும் பெயர். புறநானூறு 215இல் வரும் 'அம்புளி மிதவை' வேளைப்பூவும் தயிரும் சேர்த்து ஆய்மகள் சமைத்தது. அது தனிக்கதை.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் இரு கருத்து உண்டு. 'அடையாளக் குறி' என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேர் என்பார் சிலர். விலங்கு, தளை என்ற பொருளுள்ள 'போயா' என்ற லத்தீன் சொல் என்பார் சிலர். மிதவை சங்கிலியில் கட்டுண்டு கிடப்பதால். டச்சு மொழியில் 'பூய்' இன்றும் மிதவையையும் குறிக்கும், கைவிலங்கையும் குறிக்கும். ஈகிள் பாஸுக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது: அடியில் கான்கிரீட் பளு, உருண்டைகளுக்கு நடுவே ரம்பப்பல் தகடுகள்.

ஆகவே வெறும் மிதவை போதாது. கப்பலுக்கு வழிகாட்டுவதும் மிதவை, மூழ்குபவரைக் காப்பதும் மிதவை. சரி, 'மிதவை அரண்' எனலாமா? அரண் பகைவரிடமிருந்து காப்பது. எல்லையில் நடப்பது 'படையெடுப்பு' என்ற அபட்டின் வாதத்தை மொழிபெயர்ப்பவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்ப்பக்கம், 'இடையூறு' என்றால் டெக்சாஸ் மீது அமெரிக்க மத்திய அரசு போட்ட வழக்கின் மனு போலிருக்கும். அனுமதியின்றி நீர்வழியில் இடையூறு வைக்கக் கூடாது என்ற 1899ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித்தான் அது வழக்குப் போட்டது. 2023 செப்டம்பரில் நீதிபதி டேவிட் எஸ்ரா மிதவைகளைக் கரைக்கு நகர்த்தச் சொன்னார். 2024 ஜூலையில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ரத்து செய்தது. ஆற்றின் அந்தப் பகுதி படகுப் போக்குவரத்துக்கு உரியது என்பதை மத்திய அரசால் நிறுவ முடியாது என்று கருதியது. இந்தத் தீர்ப்புகளுக்கு முன்பே எல்லையை அளந்தபோது, வரிசையில் பெரும்பகுதி மெக்சிகோ பக்கம் கிடந்தது தெரிந்து, டெக்சாஸ் அதை நகர்த்த வேண்டியதாயிற்று.

'தடுப்பு' செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது. சாலையில் போலீஸ் வைப்பதும் தடுப்புதான். எனவே மிதவைத் தடுப்பு. நடுவில் 'த்' உண்டு, விட்டுவிட வேண்டாம்.