பியர் லேர்னிங்: இதில் வயது எங்கே வந்தது?

ஆங்கிலத்தில் வரும் ‘பியர்’ (peer) என்ற சொல்லுக்குச் சமவயதினர் என்று யாரோ எப்போதோ ஒரு கலைச்சொல் பட்டியலில் எழுதிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் அதையே எடுத்துப் போடுகிறார்கள். அண்மையில் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்த ஒரு கையேட்டின் தலைப்பு இது: “சர்வதேச சமவயதினர் கற்றல் மூலம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையாளர்களின் கொள்ளளவுக் கட்டமைப்பு: டிஜிட்டல் உள்ளடக்கத்தை நோக்கி.” தில்லியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரித் தமிழ் பழகிப்போனதுதான். ஆனால் இந்தச் ‘சமவயதினர்’ அடிக்கடி வருகிறது, வருகிற இடத்திலெல்லாம் பொருளைக் கெடுக்கிறது.

விஷயம் என்னவோ எளிமையானது. தொலைபேசி, இணைய நிறுவனங்களுக்கு விதி வகுக்க ஒவ்வொரு நாட்டிலும் ஓர் ஆணையம் இருக்கிறது. நமக்கு டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதன் அதிகாரிகள் வேறு நாட்டு ஆணையங்களின் அதிகாரிகளோடு உட்கார்ந்து, ‘நீங்கள் இதை எப்படிச் செய்தீர்கள், எங்கே சறுக்கியது’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பியர் லேர்னிங். தெற்காசிய ஆணையங்களுக்கு இதற்கென்றே 1997 முதல் ஒரு மன்றம் இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று ஒன்பது நாடுகள். உலக அளவில் ஐக்கிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ, ஆணையங்களுக்கான கருத்தரங்கை 2000 முதல் நடத்துகிறது.

சொல்லின் பிறப்பை நீட்டி முழக்க வேண்டியதில்லை. லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘பியர்’ ஆனது. ஜோடியைக் குறிக்கும் ‘பேர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர்தான். 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எழுதப்பட்ட மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில், ஒருவரை அவருக்குச் சமமானவர்களே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வருகிற இடத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். அங்கே பேச்சு தகுதியைப் பற்றியது. யாருக்கு எத்தனை வயது என்று எவரும் கேட்கவில்லை.

அப்புறம் வயது எப்படி ஒட்டிக்கொண்டது? கல்வி உளவியல் பாடத்தில் ‘பியர் குரூப்’ என்று வரும். பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சமமானவர்கள் யார்? அதே வகுப்பில், அதே வயதில் இருக்கிற பிள்ளைகள். எனவே பி.எட். புத்தகங்களில் சமவயதினர் குழு என்று எழுதினார்கள். அந்த இடத்தில் அது சரி, நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்பறைக்கென்று தைத்த சட்டையை அரசு ஆணையத்துக்கு மாட்டிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்க ஆணையம் 1934இல் உருவானது. டிராய் 1997இல். வங்கதேச ஆணையம் 2002இல். இந்த மூன்றும் சமவயதினர் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தை, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கிறார், தமிழ்ச் சங்கத்துக்குத் தவறாமல் வருகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “இது சீனியர் சிட்டிசனுக்கு நடத்துற வகுப்பாம்மா? எங்க வயசுக்காரங்களுக்கு இன்டர்நெட் கத்துக்குடுக்கறாங்களா?” என்று கேட்டார். துறை தெரிந்தவர், தமிழ் தெரிந்தவர், அவருக்கே அப்படித்தான் படுகிறது. படிக்கிறவர் மேல் பிழையே இல்லை.

தமிழில் வயது என்பது சும்மா ஒரு எண் கிடையாது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் நீ என்பதா நீங்கள் என்பதா, அண்ணா என்பதா தம்பி என்பதா என்பதை வயதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அதனால் ‘சமவயதினர்’ என்று எழுதினால் வாசகர் மனம் நேரே வயதுக்குத்தான் போகும், தகுதிக்குப் போகாது. அதே கையேட்டின் இந்தி வடிவத்தில் ‘சமகக்ஷ்’ என்று போட்டிருந்தார்கள். ஒரே தரத்தில் இருப்பவர் என்று பொருள். இரண்டு வடிவமும் ஒரே மேசையில்தான் கிடந்தன. தமிழாக்கியவர் ஒரு நிமிடம் அதைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

சமம் என்கிற பொருள் ஏன் இத்தனை முக்கியம்? ஒரு பழைய சங்கதியைச் சொல்கிறேன். செல்பேசிச் சேவைக்கான 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு (ஸ்பெக்ட்ரம்) டிராய் பரிந்துரைத்த அடிப்படை விலை, மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். 2016 ஏலத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்து 2021இல் மறுபடி வைத்தார்கள், அப்போதும் யாரும் கேட்கவில்லை. 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு 2022இல்தான் ஜியோ எடுத்தது. ஏலத்துக்குத் தயாராகிற இன்னொரு நாட்டு ஆணையத்துக்கு இதைவிட உபயோகமான பாடம் இருக்க முடியுமா? ஆனால் இதை வகுப்பெடுக்கிற நிபுணர் சொல்வதும், விலையை நிர்ணயித்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தவர் சொல்வதும் வேறு வேறு. மேலே ஆசிரியர், கீழே மாணவர் என்ற ஏற்பாடு இல்லாததால்தான் சறுக்கலைக்கூட வெளிப்படையாகப் பேச முடிகிறது. ‘பயிற்சி’ என்று பொதுவாக எழுதிவிடுகிறவர்களும் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். (அலைக்கற்றை என்பது எவ்வளவு நல்ல சொல் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் வழக்குச் செய்திகளில் அடிபட்டு அடிபட்டு டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.)

சரி, வேறு என்ன சொல்கிறார்கள்? ‘சக கற்றல்’ என்கிறார்கள். ‘சக’ வடமொழி, ஆகவே கூடாது என்று தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். என் மறுப்பு அதற்காக இல்லை. சக பயணி, சக ஊழியர், சக மாணவர் என்று நாம் தினமும் பேசுகிறோம், அது தமிழாகிவிட்டது. ஆனால் அந்தச் ‘சக’வுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். சக பயணி என்றால் நம்மோடு பயணம் செய்கிறவர். சக கற்றல் என்றால்? நம் கற்றலோடு கூடவே இன்னொரு கற்றலும் வருகிறது என்றுதான் இலக்கணப்படி பொருள். யாரிடம் கற்கிறோமோ அந்த ஆளையே காணோம். ‘பியர் ரிவ்யூ’வுக்குச் சொல்லும் ‘சக மதிப்பாய்வு’ என்பதிலும் இதே ஓட்டைதான். புழங்கிவிட்டது என்பதற்காக ஓட்டை அடைபட்டுவிடாது.

‘ஒப்பார் கற்றல்’ என்றும் ஒரு வழக்கு உண்டு. ஒப்பார் என்றால் நிகரானவர், சொல்லில் தவறே இல்லை. ‘அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்’ என்ற குறளில் ஒப்பாரி என்பதற்கே ஒப்புமை என்றுதான் பொருள். ஆனால் இன்றைக்கு ஒப்பாரி என்றால் இழவு வீட்டில் கேட்பதுதான். ஒரு பயிலரங்கின் பதாகையில் ‘ஒப்பார்’ என்று எழுதினால் படிக்கிறவர் காதில் அது விழாமல் போகாது. அமைச்சரவை சகாக்கள் என்கிற மாதிரி ‘சகாக்கள்’ எனலாமே என்றால், சகா ஒரே அணியைச் சேர்ந்தவர். வேறு வேறு அரசுகளின் ஆணையங்களுக்கு அது இடிக்கும்.

பொதுக் கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘ஒத்தோரிடம் கற்றல்’ என்பதே என் தேர்வு. ஒத்த என்ற சொல் பேச்சிலும் எழுத்திலும் உயிரோடு இருக்கிறது, எதில் ஒத்தவர் என்பதை அந்தந்த இடம் சொல்லிவிடும். இந்தக் கையேட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. ‘பிற நாட்டு ஆணையங்களிடம் கற்றல்’ என்று எழுதினால் அந்தப் பெரியவர் ஒரே தடவையில் புரிந்துகொள்வார். ‘பியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்தான் வைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தத் தலைப்பில் மீதி இருக்கிற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ‘கெப்பாசிட்டி பில்டிங்’ என்பதைத்தான் கொள்ளளவுக் கட்டமைப்பு ஆக்கியிருக்கிறார்கள். கொள்ளளவு என்பது அணைக்கும் அண்டாவுக்கும் உரியது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதிகாரிகளுக்கு வளர வேண்டியது செயல்திறன், ஆகவே ‘திறன் வளர்ப்பு’ போதும்.

‘டிஜிட்டல் இன்க்ளூஷன்’ என்பதற்குப் போட்ட ‘டிஜிட்டல் உள்ளடக்கம்’ இதைவிட மோசம். உள்ளடக்கம் என்ற சொல்லை ‘கன்டென்ட்’ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. எந்தப் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினாலும் அந்தச் சொல் இருக்கும். இன்க்ளூஷனுக்கும் அதையே போட்டால், ஆணையங்கள் வீடியோ தயாரிக்கப் போகின்றன என்றுதான் வாசகர் நினைப்பார். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றது. பட்டன் போன் வைத்திருப்பவர், தனக்கு வேண்டாத டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி, முடியாமல் போனால் இணைப்பையே இழந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தத் திட்டத்தில் கன்டென்ட் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் இன்க்ளூஷனுக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அங்கே நடப்பது ஒருவர் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது. எனவே ‘யாரும் விடுபடாத டிஜிட்டல் சேவை’ என்றே எழுதலாம். நீளம்தான், இருக்கட்டும். சுருக்கமாக வேண்டும் என்பவர்கள் ‘டிஜிட்டல் சேர்ப்பு’ என்று வைத்துக்கொள்ளட்டும். கலைச்சொல் பட்டியல் தயாரிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எந்தத் துறையில், எந்த வாக்கியத்தில் வந்தது என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.