ஹீட் ரேஞ்ச்: சூட்டின் அளவா, சூட்டை ஆற்றும் அளவா?

டர்போ காரில் பூஸ்டை, அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, ஏற்றியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 'ஒரு ஸ்டெப் கோல்டு ஸ்பார்க் பிளக் போட்டுட்டேன்' என்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உடனே சந்தேகம் வரும்: கோல்டு என்றால் பொறி வீக்காக இருக்காதா, டர்போவுக்கு ஹாட் பிளக்தானே வேண்டும்? அவரைக் குறை சொல்ல முடியாது. பிளக்குகளை ஹாட், கோல்டு என்று பிரிக்கும் அளவுக்கு 'ஹீட் ரேஞ்ச்' என்று பெயர் வைத்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஹாட், கோல்டு இரண்டுக்கும் பொறியின் சூட்டோடு சம்பந்தமே கிடையாது. பிளக்கின் முனை வாங்கிய சூட்டை எவ்வளவு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். அது உள்ளே ஆழம் வரை உடம்பைத் தொடாமல் நீண்டிருந்தால் சூடு வெளியேறும் பாதை நீளம், முனை சூடாகவே இருக்கும்: ஹாட். சீக்கிரமே இரும்பு உடம்போடு ஒட்டிக்கொண்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும்: கோல்டு.

ஜெர்மன்காரர்கள் இதை 'வேர்மவெர்ட்', அதாவது வெப்ப மதிப்பு என்கிறார்கள். பாஷ் பிளக்குகளில் அந்தக் காலத்தில் இருந்த 145, 175, 225 போன்ற எண்கள், சோதனை எஞ்சினில் பிளக்கின் முனை பழுத்து, பொறி இல்லாமலே கலவையைப் பற்றவைக்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை வைத்து வந்தவை. எண் கூடினால் தாங்கும் திறன் கூடுதல் என்று தெளிவாக இருந்தது. பிற்பாடு பாஷ் அதைத் திருப்பிப்போட்டது, இன்று அதில் எண் குறையக் குறைய கோல்டு. ஜப்பானியக் கம்பெனிகளான என்ஜிகே, டென்சோவில் எண் கூடக் கூட கோல்டு. என்ஜிகே 6க்கு டென்சோவில் ஏறத்தாழ 20, 7க்கு 22. கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் வம்புதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வெப்ப வீச்சு' என்று அகராதி பார்த்துப் பெயர்த்துவிடலாம், ஆனால் வீச்சு என்பது பள்ளிக்கூடக் கணக்கில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது (எனக்கு முதலில் வீச்சு பரோட்டாதான் நினைவுக்கு வரும்). இங்கே நடக்கும் வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: ஆற்றுதல். பாலை ஆற்றுகிறோம், டீயை ஆற்றுகிறோம். ஆகவே 'சூடாற்று தரம்'. 'வெப்ப ஆற்று' என்று ஆரம்பித்தால் வெப்ப ஆற்றலோடு குழம்பும், 'எண்' என்று முடித்தால் பாஷ் காலை வாரும். கோல்டு பிளக் விரைந்து ஆற்றும் செருகி, ஹாட் பிளக் மெல்ல ஆற்றும் செருகி. ஸ்பார்க் பிளக்குக்குத் 'தீப்பொறிச் செருகி' என்பதே என் தேர்வு. வெறும் 'பொறிச் செருகி' என்றால் எஞ்சினும் பொறிதான், எலி பிடிப்பதும் பொறிதான். கடையில் மட்டும் ஹீட் ரேஞ்ச் என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் டீக்கடைக்குக் கைகாட்டுவார்கள்.

முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டிப் போனால் நெருப்புத் துண்டு போலக் கனன்று, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும், பிஸ்டனுக்கு ஓட்டை விழுவது இப்படித்தான். டர்போ அதிகக் காற்றைத் திணிக்கிறது, அதற்கேற்ற பெட்ரோலும் எரிகிறது, முனை அந்த மேல் எல்லையை நெருங்குகிறது. ஒரு படி கோல்டு போனால் முனையின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை இறங்கும்.

எத்தனை படி? கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஃபோக்ஸ்வாகனின் 1.8 டர்போவை எடுத்துக்கொள்வோம், இங்கே ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் 150 குதிரைத்திறனோடு வந்ததே, அது. அதற்கு வழக்கமாகப் போடுவது என்ஜிகே 6. ரீமேப் செய்தவர்கள் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டியவர்கள்) பலரும் பிகேஆர்7இ-க்குத் தாவுகிறார்கள் (அதில் 7தான் சூடாற்று தரம், ஆர் என்றால் ரெசிஸ்டர், இ என்றால் 19 மில்லிமீட்டர் மரை நீளம்). வெறும் ரீமேப் நாற்பது, ஐம்பது குதிரைத்திறன்தான் தரும், அதோடு தினமும் அலுவலகத்துக்கு நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால் 6ஐ மாற்ற வேண்டாம் என்பேன். முனை 450ஐத் தொடவே தொடாது, கரி பிடிக்கும், கரி வழியாக மின்சாரம் ஒழுகிப் பொறி வராமல் மிஸ்ஃபயர் ஆகும். நண்பர் ஒருவர் 8 போட்டுக்கொண்டு இரண்டு மாதம் காலையில் ஸ்டார்ட் ஆகாத காரோடு மல்லுக்கட்டினார், கழற்றிப் பார்த்தால் நான்கும் அடுப்புக்கரி. பெரிய டர்போ மாற்றியவர்கள், டிராக்கில் விரட்டுகிறவர்கள் 7க்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

மாற்றி ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாகி, கொப்பளித்திருந்தால் இன்னும் விரைந்து ஆற்றும் செருகி வேண்டும். கறுப்பு என்றால் பிளக்கைக் குறை சொல்வதற்கு முன் பெட்ரோல் கலவை அதிகமாகப் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் கேப், அதாவது பொறி தாண்டும் மின்முனை இடைவெளி: அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கடினம், பூஸ்ட் ஏறும்போது திணறினால் 0.8 மில்லிமீட்டரை 0.7க்குக் குறைத்துப் பார்க்கலாம், இதற்கும் சூடாற்று தரத்துக்கும் சம்பந்தமில்லை.