ஓர் உடல், இரண்டு சொற்கள்: படையும் பிணமும்

என்.சி.சி.யில் இருந்தவர்களிடம் அதன் விரிவைக் கேட்டுப் பாருங்கள். 'நேஷனல் கேடட்' வரைக்கும் தடையில்லாமல் வரும். அடுத்த சொல்லில் குரல் தயங்கும். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கார்ப்ஸ்'. சரியான உச்சரிப்போ 'கோர்'; பொருள், படைப்பிரிவு. ஆங்கிலத்தில் 'கார்ப்ஸ்' என்றே ஒலிக்கிற வேறொரு சொல்லும் இருக்கிறது. எழுத்தில் கடைசியாக ஓர் 'ஈ' மட்டும்தான் கூடுதல். பொருள், பிணம். 2010இல் அமெரிக்க அதிபர் ஒபாமா ஒரு கூட்டத்தில் பேசும்போது, கடற்படையின் மருத்துவ உதவியாளரைக் குறிக்கும் 'கோர்மேன்' என்ற சொல்லைக் 'கார்ப்ஸ்மேன்' என்று வாசித்துவிட்டார். அதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

படைப்பிரிவுக்கும் பிணத்துக்கும் எழுத்து இவ்வளவு ஒத்துப்போவது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'கார்ப்பஸ்' என்றால் உடல். பழைய பிரெஞ்சில் அது 'கோர்ஸ்' என்று தேய்ந்தது. பிறகு லத்தீன் படித்த எழுத்தர்கள், மூலச் சொல்லில் 'பி' இருந்ததே என்று அந்த எழுத்தைத் திரும்பச் செருகினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை எழுதினார்களே தவிர, வாயால் சொல்லவில்லை. ஆங்கிலேயர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் உயிருள்ள உடலுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் சுருங்கி, உயிர் போன உடலுக்கு மட்டும் என்றாயிற்று. அப்புறம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைப்பிரிவு என்ற பொருளோடு அதே சொல் பிரான்சிலிருந்து மறுபடியும் ஆங்கிலத்துக்கு வந்தது, இந்த முறை பிரெஞ்சு உச்சரிப்பையும் கூட்டிக்கொண்டு.

சரி, உடல் எப்படிப் படையானது? இதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், குறளே போதும். படைமாட்சி அதிகாரம் 'உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை' என்றுதான் தொடங்குகிறது. படைக்கு உறுப்புகள் இருக்கின்றன, அந்த உறுப்புகள் காயத்துக்கு அஞ்சுவதில்லை. வள்ளுவர் படையை ஓர் உடலாகத்தான் பார்க்கிறார். சதுரங்கம் என்ற சொல்லும் அப்படியே. சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புள்ள சேனைதான் பிறகு பலகை மேல் ஏறி விளையாட்டானது. சோழர் படையில் வலங்கைப் படைகள் இருந்தன. நெல்லைப் பக்கத்துத் திருவாலீசுவரத்தில் 'மூன்றுகை மகாசேனை' என்று ஒரு படையையே கல்வெட்டு சொல்கிறது. படையின் முன்வரிசைக்கு நெற்றி என்று பெயர் இருந்தது.

மொழியியலில் இதை உருவகம் என்பார்கள். ஆனால் இது அலங்காரத்துக்குச் சேர்த்த உருவகம் இல்லை. ஆயிரம் பேரை ஒரே பொருளாக நினைக்க மனசுக்கு ஒரு பிடி வேண்டும். பல உறுப்புகள் ஒரே கட்டளைக்கு அசைகிற பொருள் என்று தேடினால், நமக்கு மிக அருகில் இருப்பது நம் உடம்புதான். நெப்போலியனின் படையமைப்பு இந்த உருவகத்தைக் கிட்டத்தட்ட நிஜமாக்கியது. 1805இல் அவருடைய பெரும்படையில் ஏழு கோர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி எல்லாம் இருக்கும். உதவி வந்து சேரும்வரை தனியாக நின்று போரிடலாம். கையும் காலும் தனக்கே உள்ள முழு உடல்! இன்று இந்திய இராணுவத்திலும் கோர் என்பது லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரின் கீழ் இயங்கும் பெரிய பிரிவு. லே நகரில் இருப்பது 14ஆவது கோர்.

எல்லாப் படைச்சொல்லும் உடம்பிலிருந்து வந்துவிடவில்லை. பிளட்டூன் என்பது பிரெஞ்சில் 'சின்ன உருண்டை'. இது நமக்குப் புதிதாகப் படக் கூடாது. வெண்ணெயும் திரள்கிறது, படையும் திரள்கிறது. சோற்றுருண்டைக்குத் திரளை என்று பெயர். கம்பெனி என்றால் ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்கள். பட்டாளம் என்பது பட்டாலியனின் குடும்பத்துச் சொல். நம் வாய்க்கு அது எவ்வளவு பழகிவிட்டது என்றால், கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்திறங்கும் பேரப்பிள்ளைகளும் பட்டாளம்தான்.

இனி அடுத்த கிளை. உடலைக் குறிக்கும் சொல் ஏன் பிணத்தின் பக்கம் சாய்கிறது?

நன்னூல் இதற்கு ஒரு கருவி தருகிறது. நேராகச் சொல்லாமல் தகுதியான வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு. பவணந்தி முனிவர் அதை மூன்றாகப் பிரிக்கிறார்: கூசும் சொல்லை மறைக்கும் இடக்கரடக்கல், அமங்கலத்தை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலம், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி. மங்கலத்துக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம், செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது. துஞ்சுதல் என்றால் உறங்குதல். 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்ட சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு 'ஆனைமேல் துஞ்சினார்' என்று பெயர். ஒரு போர்க்களச் சாவை இதைவிட மென்மையாகச் சொல்லிவிட முடியாது. ஈழத்தில் விடுதலைப் புலிகள் இறந்த போராளியின் உடலை 'வித்துடல்' என்றார்கள், 'விதைத்தோம்' என்றார்கள். அடக்கம் செய்த இடம் 'துயிலும் இல்லம்'. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதே உறக்கம்.

மங்கலச் சொல்லுக்கு ஆயுள் குறைவு என்பதுதான் சிக்கல். 'பிரேதம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அதன் நேர்ப்பொருள் 'சென்றுவிட்டவர்'. எவ்வளவு நாகரிகமான சொல்! ஆனால் சாவைத் தினமும் சுமந்து சுமந்து அந்தச் சொல்லிலேயே சாவின் வாடை ஏறிவிட்டது. இன்று 'முகத்தில் பிரேதக் களை' என்றால் வசவு. அதனால்தான் பிரேதப் பரிசோதனை என்று எழுதிவந்த செய்தித்தாள்கள் உடற்கூராய்வுக்கு மாறிவருகின்றன. மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994இல் இதை டிரெட்மில்லுக்கு ஒப்பிட்டார். புதுச்சொல்லாக மாற்றிக்கொண்டே ஓடுகிறோம், நிற்கும் இடம் மாறுவதில்லை. மாற்ற வேண்டியது சொல்லை அல்ல, அந்தப் பொருளின் மேல் நமக்குள்ள அச்சத்தை, அதுவோ மாறுவதில்லை.

சடலத்துக்கும் இதே கதைதான். அகராதியில் அதற்கு உடல் என்பதே பொருள். இன்று உயிரோடிருப்பவரைச் சடலம் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து வந்தது 'பாடி'. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், ஜிம்மில் பாடியை ஏற்றுகிறார்கள். ஆனால் மருத்துவமனை வாசலில் யாராவது "பாடி வந்துடுச்சா?" என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. லத்தீன் 'கார்ப்பஸ்' நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழியைத்தான் இந்தச் சொல்லும் தமிழில் நம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே உடலுக்கு எத்தனை பெயர் என்பது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. காவல் நிலையத்துக் காகிதத்தில் பிரேதம். பிணவறை ஊழியருக்குப் பாடி; அது அவர்கள் தொழிலின் குழூஉக்குறி, நாள் முழுதும் அந்த வேலையைச் செய்யச் சொல் கொஞ்சம் மரத்துத்தான் இருக்க வேண்டும், அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் 'அன்னாரது பூதவுடல்', அதாவது ஐம்பூதங்களால் ஆன உடல். 'பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு' என்று திருமூலர் பாடினார். பெயர் போவதுதான் அவருக்கு முதலில் உறுத்தியிருக்கிறது.

வீட்டுக்குள் மட்டும் வேறு இலக்கணம். துக்கத்துக்கு வருகிறவர்கள் தாழ்ந்த குரலில் "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்பார்கள். எதை எடுக்கிறார்கள்? அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. எல்லாச் சொல்லும் தேய்ந்துபோன பிறகு, சொல்லாமல் விடுவதையே மங்கலமாக வைத்திருக்கிறோம். போன வருஷம் ஒரு சாவு வீட்டில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாகனக்காரர் "பாடிய எப்ப ஏத்தணும்?" என்று கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தலின் மேற்கு ஓரம் விலகி, பெட்டியின் கண்ணாடி மேல் வெயில் விழுந்தது. உள்ளிருந்து மகள் ஓடிவந்தாள். "அப்பா மேல வெயில் படுது, அந்தத் துணியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கண்ணா" என்றாள்.