பெட்டிக்குள்ளேயே கரைந்த கார்

வாசகர் ஒருவர் படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 1:25 அளவில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் பிளாஸ்டிக் கிட், அதாவது தனித்தனிப் பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் சிறு மாதிரி. பல வருடங்களாக அலமாரியில் கிடந்த பெட்டி, மேலே சுற்றிய மெல்லிய உறைகூடக் கிழியவில்லை. ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், முன் கண்ணாடியின் நடுவில் டயரின் வரிகள் அச்செடுத்த மாதிரி பதிந்திருக்கின்றன. டயர் தொட்டுக்கொண்டிருந்த இடம் மட்டும் குழிந்து பிசுபிசுவென்று இருக்கிறது. "வெயிலே படவில்லை, அறையும் குளிர்ச்சியானதுதான். கண்ணாடி எப்படி உருகியது?" என்று கேட்கிறார்.

உருகவில்லை, கரைந்திருக்கிறது. கரைத்தது அந்த டயர். கார் கிட் கட்டுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. கப்பல் கிட்டில் டயரே கிடையாது, விமானத்திலும் பெரும்பாலும் சக்கரமும் டயரும் ஒரே கெட்டி வார்ப்புதான். காரில்தான் மென்மையான டயர்கள் நான்கும் கெட்டியான ரிம்களை இறுக்கிப் பிடித்தபடி வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. வாசகரின் கண்ணாடியைக் கெடுத்த அதே வேலையைத்தான், நாம் காசு கொடுத்து வாங்கும் கிட் பசையும் செய்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால் பாதி கிட் விமர்சனங்களை வேறு கண்ணோடு படிக்கலாம்.

கிட்டின் உடல் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். 'கண்ணாடி' என்று நாம் சொல்லும் ஒளிபுகும் பாகமும் அதேதான். 1839இல் பெர்லினில் எடுவார்ட் சைமன் என்ற மருந்தாளர் ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்து எண்ணெய் எடுத்தார். சில நாளில் அது கூழாகக் கெட்டிப்பட்டது. காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆகிவிட்டது என்று அவர் நினைத்தார். உண்மையில் சின்ன ஸ்டைரீன் மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. அப்படி நீளமான மூலக்கூறுகள் இருக்க முடியும் என்று 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியபோது சக வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. வணிகப் பாலிஸ்டைரீனில் ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஸ்டைரீன் அலகுகள் இருக்கும். ஒவ்வொரு அலகிலும் ஆறு கார்பன் அணுக்கள் வட்டமாகச் சேர்ந்த ஒரு பென்சீன் வளையம் தொங்கும். இந்த வளையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டயரிடம் போகும்போது தேவைப்படும்.

இந்தப் பிளாஸ்டிக்கை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, குளிரவிட்டு, ஊசிகளால் தள்ளி வெளியே எடுக்கிறார்கள். தடிமனான இடம் மெதுவாகக் குளிர்ந்து சுருங்குவதால் மேற்பரப்பில் பள்ளம் விழுகிறது. தள்ளிய ஊசிகள் வட்டத் தழும்பு விடுகின்றன. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோடு, காரின் முன் பின் மட்கார்டுகளின் மேல் மெல்லிய வரம்பாக ஓடுகிறது. எந்தக் கிட் விமர்சனத்தை எடுத்தாலும் இவை விலாவாரியாக இருக்கும் என்பதால் நான் இங்கே தங்கவில்லை.

இப்போது பசை. உடலின் இரண்டு பாகங்களை ஒட்ட நாம் தடவும் திரவத்தில் ஒட்டும் பொருள் என்று பார்த்தால் அநேகமாக எதுவுமே கிடையாது. தண்ணீர் மாதிரி ஓடும் வகைகளில் இருப்பது அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் மட்டும்தான். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, இடைவெளியில் தூரிகையால் தொட்டால் போதும். திரவம் இணைப்பு முழுக்கத் தானே ஓடிவிடும். சற்று நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டியது யார்?

பாலிஸ்டைரீனேதான் தன்னை ஒட்டிக்கொள்கிறது. அறை வெப்பநிலையில் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உறைந்து கிடக்கின்றன. சுமார் 170 அலகுகளுக்கு ஒரு சிக்கல் என்று கணக்கு. அதாவது ஒரு சங்கிலி தன் நீளத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மற்றவற்றோடு சிக்கியிருக்கிறது. அவை அசைய வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கை 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் வரும் உருகுநிலை வேறு, இது வேறு. இதற்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். அதற்குக் கீழே சங்கிலிகள் நின்ற இடத்தில் நடுங்கும், நகராது. மேலே போனால் நெளிய ஆரம்பிக்கும்.

கரைப்பான் செய்வது ஒரே காரியம்: அந்த 100 டிகிரியைக் கீழே இழுத்துவிடுகிறது. சின்னச் சின்ன அசிட்டோன் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி, அசைய இடம் உண்டாக்குகின்றன. போதுமான அளவு புகுந்துவிட்டால் நிலைமாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவுதான், சூடே இல்லாமல் சங்கிலிகள் விழித்துக்கொள்கின்றன.

விழித்த சங்கிலி எப்படி நகரும்? இதற்கு விடை சொன்னவர் பியர்-ஜீல் டி ஜென் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். நான்கு பக்கமும் மற்ற சங்கிலிகள் நெருக்குவதால் பக்கவாட்டில் போக வழியில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கிலியும் ஒரு கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் (குழாய் என்ற கருத்து சாம் எட்வர்ட்ஸுடையது). அந்தக் குழாய்க்குள் அது பாம்பைப் போலத் தன் நீளவாக்கில் மட்டுமே முன்னும் பின்னும் ஊர்ந்து, நுனியால் புதுப் பாதையைத் தேடிப்பிடிக்கிறது. டி ஜென் இதை 1971இல் எழுதினார். இந்தச் சித்திரத்தின்படி சங்கிலியின் நீளம் இரண்டு மடங்கானால், பழைய குழாயைவிட்டு முழுதாக வெளியேற எட்டு மடங்கு நேரம் ஆகும். சோதனைகளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, பத்து மடங்குக்கும் சற்று மேலே வருகிறது. அந்த வித்தியாசம் ஏன் என்று பின்னால் வந்தவர்கள் நிறைய மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். வெறும் ஊர்தலை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக வந்ததே எனக்கு ஆச்சரியம். 1991ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு டி ஜென்னுக்குக் கிடைத்தது.

இப்போது இணைப்புக்கு வாருங்கள். இடது பாகத்துச் சங்கிலி ஊர்ந்து வலது பாகத்துக்குள் தலையை நீட்டுகிறது. வலப்பக்கத்தது இடப்பக்கம் வருகிறது. அங்கே இருப்பவற்றோடு புதிதாகச் சிக்கிக்கொள்கிறது. நடுவில் இருந்த எல்லை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது. இதற்குள் கரைப்பான் ஆவியாகிக் கிளம்பிவிடும். நிலைமாற்ற வெப்பநிலை பழையபடி ஏறும். சங்கிலிகள் புது இடத்தில் உறையும். உலோகத்தில் செய்யும் வெல்டிங்கை இங்கே நெருப்பில்லாமல் செய்துவிட்டோம். இரண்டு கரைப்பான்களைக் கலப்பதில் உள்ள சாமர்த்தியத்தையும் பாருங்கள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், வேகமாகக் கடித்துவிட்டு வேகமாகப் போய்விடும். பியூட்டைல் அசிட்டேட் 126 டிகிரிக்காரர். அவர் நிதானமாக இருந்து, சங்கிலிகள் ஊர்வதற்கு நேரம் கொடுப்பார்.

ஜப்பானியக் கார் கிட்களில் சக்கரத்தின் நடுவே செருகும் மென்மையான சின்ன வளையங்களை இந்தப் பசை ஒன்றும் செய்யாது. அவை பாலிஎத்திலீன், கரைப்பானுக்கு அங்கே வேலையில்லை. அதனால்தான் பக்கத்தில் பசை வழிந்தாலும் சக்கரம் சுற்றுகிறது.

கரைப்பான் முழுதாகப் போவதற்குள் அவசரப்பட்டு இணைப்பைத் தேய்த்துச் சமன்செய்தால் என்ன ஆகும்? உள்ளே சிக்கியிருந்தது மெதுவாக வெளியேற, பிளாஸ்டிக் அந்த இடத்தில் சுருங்கும். பளபளவென்று பெயின்ட் அடித்துப் பல நாள் கழித்து, மறைத்த கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். காட்சிப் போட்டிகளில் நடுவர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடும் கோடுகளில் இதுவும் ஒன்று. கட்டியவருக்குக் கைராசி இல்லை என்பதெல்லாம் சும்மா பேச்சு. அவர் ஒரு வாரம் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, டயர். பழைய கிட்களின் டயர் பெரும்பாலும் ரப்பர் அல்ல, பிவிசி. சுத்தமான பிவிசி குழாய் மாதிரி விறைப்பானது. 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காகப் பிவிசியை எளிதில் கொதிக்காத ஒரு கரைப்பானில் சூடாக்கினார். கிடைத்தது ஒட்டவில்லை, வளைந்தது, துள்ளியது. பசை தேடப் போனவரிடம் நெகிழும் பிவிசி சிக்கியது. இப்படிப் பிளாஸ்டிக்கை நெகிழவைக்கும் திரவத்துக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். நெகிழும் பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இதுவாக இருக்கலாம்.

பிளாஸ்டிசைசரும் கரைப்பானும் ஒரே சாதி. சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து நிலைமாற்ற வெப்பநிலையை இறக்கும் அதே வேலை. பிவிசிக்கு அது சுமார் 80 டிகிரி. பிளாஸ்டிசைசர் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோய்விடும். வித்தியாசம் ஒன்றுதான்: இது ஆவியாகாது. வெகுகாலம் பரவலாகப் பயன்பட்ட பிளாஸ்டிசைசரான டிஇஎச்பி (தாலேட் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது) 380 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் பிவிசியோடு அதற்கு வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. சும்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

பக்கத்தில் பாலிஸ்டைரீன் வந்து அழுத்தமாகத் தொட்டால்? இந்தப் பக்கம் நிறைய பிளாஸ்டிசைசர், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பள்ளியில் படித்த விரவல்தான். போதாததற்குத் தாலேட் மூலக்கூறிலும் ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது. பாலிஸ்டைரீன் அதை அந்நியமாக நடத்துவதில்லை. முதலில் நுழையும் மூலக்கூறுகளுக்குத்தான் கஷ்டம், உறைந்த சங்கிலிகளுக்குள் மிக மெதுவாக ஊடுருவ வேண்டும். நுழைந்தவை மேல் அடுக்கை நெகிழவைத்ததும் பின்னால் வருபவைக்குக் கதவு திறந்துவிடுகிறது. சங்கிலிகள் ஊர ஆரம்பிக்கின்றன, டயரின் அழுத்தத்துக்கு இடம் கொடுத்து விலகுகின்றன, டயரின் வரிகள் அச்சாகப் பதிகின்றன. பசை சில நிமிடங்களில் செய்வதை டயர் வருடக்கணக்கில் செய்கிறது. பசை வேலை முடிந்ததும் கிளம்பிவிடும்; டயர் அனுப்பியது அங்கேயே தங்கிவிடும். வாசகரின் கண்ணாடி இன்னும் பிசுபிசுப்பது அதனால்தான்.

இதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் அழிப்பானை ஒளிபுகும் அளவுகோலோடு ஒரே பெட்டியில் நாள்கணக்கில் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அளவுகோலில் பள்ளம் இருக்கும். அந்த அழிப்பானும் நெகிழும் பிவிசிதான். அதன்மேல் அட்டை உறை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிக்காத பெட்டி என்றால் புதுசுக்குச் சமம் என்ற நம்பிக்கை சேகரிப்பாளர்களிடம் பலமாக இருக்கிறது. இந்தக் கிட்களைப் பொறுத்தவரை அது மூடநம்பிக்கை. பிரிக்காத பெட்டியில் டயர் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தவரின் கிட்தான் பிழைத்திருக்கும். டயரின் மேல் பவுடர் தூவினால் போதும் என்பதும் அதே ரகம். பவுடர் மேலே கசிந்ததை உறிஞ்சும்; உள்ளே மூன்றில் ஒரு பங்கு காத்துக்கொண்டிருக்கிறதே.

விமர்சகர்களிடம் எனக்கு ஒரு குறை. ஊசித் தழும்பை எண்ணிச் சொல்கிறார்கள், கதவுக் கோட்டின் ஆழத்தை அளக்கிறார்கள். டயர் என்ன பொருள் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. இப்போது பல கிட்களில் செயற்கை ரப்பர் வருகிறது, அது நல்ல செய்தி. தாலேட்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் குழந்தைகளின் உடல்நலத்துக்காக வந்தவை, ரிம்மைக் காப்பாற்ற அல்ல. மாற்றாக வரும் திரவமும் பிணைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால் கசியத்தான் செய்யும். மூலக்கூறு பெரிதாக இருந்தால் மெதுவாகக் கசியும்.

இந்த மாதிரி மெதுவான சேதங்களை ஆராயப் பணம் கிடைப்பது அபூர்வம். புதுப் பொருளை உண்டாக்க நிதி வரும். 30 வருடம் கழித்து அது பக்கத்துப் பொருளை என்ன செய்யும் என்று பார்க்க யார் தருவார்கள்? ஐரோப்பாவில் 2008இல் தொடங்கிய போப்பார்ட் என்ற ஆய்வுத்திட்டம் அருங்காட்சியகங்களில் உள்ள பிளாஸ்டிக் பொருள்களின் சிதைவை எடுத்துக்கொண்டது. சில வருடங்களில் முடிந்துவிட்டது. பொருள்களோ தொடர்ந்து கசிந்துகொண்டிருக்கின்றன. ஆய்வுத்திட்டத்தின் ஆயுள் ஆராயப்படும் மாற்றத்தின் ஆயுளைவிடக் குறைவாக இருப்பது எனக்குக் கேலிக்கூத்தாகவே தெரிகிறது.

வாசகருக்கு: கண்ணாடியில் பள்ளம் ஆழமில்லை என்றால், பிசுபிசுப்பான அடுக்கை நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்தெடுத்து மெருகேற்றலாம். ஆழமாக இருந்தால் அதையே மாதிரியாக வைத்து, சூடாக்கிய ஒளிபுகும் தகட்டை வெற்றிட முறையில் அதன்மேல் படியவைத்துப் புதிதாகச் செய்துகொள்வதே மேல். நெகிழ்ந்துபோன ரிம்மில் நேரம் செலவழிக்காதீர்கள், வேறு தேடுங்கள். புது ரிம்மில் டயரை மாட்டும் முன், உட்காரும் பள்ளத்தைச் சுற்றி அலுமினியத் தாளை மடிப்பில்லாமல் ஒட்டிவிடுங்கள். உலோகத்தைத் தாண்டிப் பிளாஸ்டிசைசர் போகாது. மீதி டயர்களை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துத் தனிப் பாலிஎத்திலீன் பையில் போடுங்கள். கட்டி முடித்த மற்ற கார்கள் அலமாரியில் இருந்தால், அவை நிற்கும் தட்டு என்ன பிளாஸ்டிக் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.