கடல் அறிவியல் மாணவர்களே, பயிற்சிக்கும் மாநாட்டுக்கும் கைக்காசு போக வேண்டியதில்லை

கடல் உயிரியல், கடலியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று முதுகலையோ பிஎச்டியோ படிக்கிறவர்களில் பலர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏதோ ஒரு 'சர்வதேச மாநாடு' என்று ஆயிரக்கணக்கில் கட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு சான்றிதழோடு திரும்புகிறார்கள். அதே நேரத்தில் ஹைதராபாத்தில் பாடக் கட்டணமே இல்லாமல் மத்திய அரசு நடத்தும் கடலியல் பயிற்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிற ஆய்வு மாணவருக்கு விமான டிக்கெட் காசு கொடுக்கும் திட்டமும் திறந்திருக்கும். இதெல்லாம் யாருக்கு, எப்படிக் கேட்பது என்று தெரியாமலேயே படிப்பை முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம், அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி, பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரைகளும் கட்டாயம். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் அந்தக் கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் இன்னும் வைத்திருக்கலாம், அதை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்து வடிவிலேயே கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் ரெண்டு கான்ஃபரன்ஸ் காட்டணும்" என்று சீனியர் சொன்னார் என்பதற்காக அவசர அவசரமாக எங்கேயாவது பணம் கட்டாதீர்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஹைதராபாத்தில் பிரகதி நகர் பக்கம் இன்காய்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், 1999-இல் தொடங்கியது, புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருவது. 2004 சுனாமிக்குப் பிறகு அமைக்கப்பட்ட இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இங்கேதான் இயங்குகிறது. மீனவர்களுக்கு எந்தப் பக்கம் மீன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று அறிவிப்பு அனுப்புவதும், கள்ளக்கடல் (தொலைதூரக் கடலில் எழுந்து திடீரென்று கரையில் ஏறும் பேரலை) வரும்போது எச்சரிப்பதும் இவர்கள்தான். இந்த வளாகத்துக்குள்ளேயே 2013-இல் செயல்முறைக் கடலியலுக்கான சர்வதேசப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஐடிசிஓ ஓஷன் என்பார்கள். 2017-இல் இதை யுனெஸ்கோவின் இரண்டாம் வகை மையமாக (யுனெஸ்கோ ஆதரவோடு இயங்கும், ஆனால் அதன் பகுதியாக இல்லாத மையம்) அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 2018-இல் தனிக் கட்டடமும் வந்தது. இந்த மையத்துக்கான பணம் ரீச்அவுட் என்ற துணைத் திட்டத்திலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற 'பிரித்வி' என்ற பெரிய திட்டத்துக்குள் (2021 முதல் 2026 வரை 4,797 கோடி ரூபாய்) ரீச்அவுட்டும் சேர்க்கப்பட்டது. நம் வரிப்பணத்தில் நடப்பதுதான், கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? செயற்கைக்கோள் வழியாகக் கடலின் நிறத்தைப் பார்த்து நுண்பாசியின் அளவைக் கணிப்பது, கடல் தரவுகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவது, மீன்வளத்தோடு இணைந்த கடலியல், கடலைக் கணினியில் கணிக்கும் மாதிரிகள், சுனாமி எச்சரிக்கை என்று தலைப்புகள் மாறி மாறி வரும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரப் பயிற்சி. உயிரியல் துறையிலிருந்து வருகிற மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லியே ஆக வேண்டும். நம் கல்லூரிகளில் மிதவை உயிரிகளை நுண்ணோக்கியில் எண்ணுவதை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் கடல் மேற்பரப்பு வெப்பநிலைத் தரவை இறக்கினால் டாட் என்சி என்று முடிகிற ஒரு கோப்பு வரும், நெட்சிடிஎஃப் என்பார்கள், அதை எக்செலில் திறக்கப் பார்த்தால் குப்பையாக எழுத்துகள்தான் தெரியும். உள்ளே அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், நேரம் என்று நான்கு திசையில் எண்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதைப் பைத்தான், ஃபெரட், ஓஷன் டேட்டா வியூ போன்ற மென்பொருள் ஒன்றில் திறந்து, மன்னார் வளைகுடாவை மட்டும் வெட்டி எடுத்து, மாதச் சராசரி போட்டு ஒரு வரைபடம் வரையத் தெரிந்துவிட்டால், உங்கள் ஆய்வேட்டில் நீங்கள் எடுத்த பத்துப் பதினைந்து மாதிரிகளுக்குப் பின்னால் பல வருஷத்துப் பின்னணியே வந்து நிற்கும்.

இந்தப் பயிற்சிக்குப் பாடக் கட்டணம் கிடையாது. போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு இவை பயிற்சிக்குப் பயிற்சி மாறும். அதனால் அறிவிப்பில் 'நிதி உதவி' என்று இருக்கும் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். விண்ணப்பிப்பது இன்காய்ஸ் தளத்தில் வரும் அறிவிப்பின் வழியாக. பல பயிற்சிகள் ஓஷன் டீச்சர் குளோபல் அகாடமி என்ற யுனெஸ்கோ வலையமைப்பின் வழியாகவும் நடக்கின்றன. அதன் அலுவலகம் பெல்ஜியத்தில் ஊஸ்டெண்டெ என்ற ஊரில் இருக்கிறது, ஹைதராபாத் மையம் அதன் பயிற்சி மையங்களில் ஒன்று. அதற்கு விண்ணப்பிக்க ஓஷன் எக்ஸ்பர்ட் என்ற பதிவேட்டில் உங்கள் பெயரும் துறையும் இருக்க வேண்டும். இதை இன்றைக்கே செய்து வையுங்கள், இலவசம்தான், கடைசி நாளில் செய்யப் போனால் ஒப்புதல் வராமல் விண்ணப்பம் அப்படியே நிற்கும். அப்புறம் துறைத்தலைவரின் கடிதம். அறிவிப்பு வந்த பிறகு கடிதத்துக்கு அலைவதற்குப் பதிலாக, ஒரு மாதிரிக் கடிதத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து, தேதியும் பயிற்சிப் பெயரும் மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் வைத்திருப்பது நல்லது.

ஹைதராபாத் போக முடியாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2017-இல் சோதனையாகத் தொடங்கியது. கட்டணமில்லாத சான்றிதழ்ப் படிப்புகள், உயிரின வகைப்பாடு முதல் கழிவுநீர் சுத்திகரிப்பு வரை. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் உள்ள பாடங்களைப் படிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், 2021-ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்துப் படிப்பின் கிரெடிட் கணக்கில் சேர்க்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம், எம்எஸ்சி மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஒன்றைக் கவனியுங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நிதி கொடுத்து, கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நடக்கிற 21 நாள் கோடைக்கால, குளிர்காலப் பள்ளிகள் ஆசிரியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஆனவை. மாணவர்கள் விண்ணப்பித்து ஏமாற வேண்டாம், உங்கள் ஆசிரியரைப் போகச் சொல்லுங்கள்.

இனி மாநாடு. வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படிக்க அழைப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்வதேசப் பயண உதவித் திட்டம், எல்லாரும் ஐடிஎஸ் என்று சொல்வது. முன்பு எஸ்இஆர்பி என்ற வாரியம் நடத்தியது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வாரியம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது, பழைய பதிவுகளில் எஸ்இஆர்பி என்று இருந்தால் குழம்ப வேண்டாம். சாதாரண வகுப்பு விமானக் கட்டணம், விசா கட்டணம், விமான நிலைய வரி ஆகியவை இதில் வரும். 35 வயதுக்கு உட்பட்ட இளம் ஆய்வாளர்களுக்குப் பதிவுக் கட்டணமும் உண்டு. வெறுமனே பார்வையாளராகப் போகிறவருக்கு இது கிடையாது. நீங்களே கட்டுரை படிக்க வேண்டும், ஏற்புக் கடிதத்தில் உங்கள் பெயரும் கட்டுரைத் தலைப்பும் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஏற்புக் கடிதம் இல்லாமல் உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது, ஆய்வுச் சுருக்கம் அனுப்பாமல் ஏற்புக் கடிதம் வராது, பெரிய மாநாடுகளில் ஆய்வுச் சுருக்கத்துக்கான கடைசி நாள் மாநாட்டுக்கு ஆறேழு மாதம் முன்னாலேயே முடிந்துவிடும். இதற்கு நடுவில் விசா வேறு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்காலத்தில் விசா மையத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பாஸ்போர்ட்டே இல்லை என்றால் மாநாட்டைத் தேடுவதற்கு முன்னால் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பணம் பெரும்பாலும் போய்வந்த பிறகுதான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். கடன் வாங்கியோ வீட்டில் கேட்டோ முதலில் செலவழிக்கும் நிலை வரலாம், வசதியில்லாத மாணவருக்கு இது சுமைதான், திட்டத்தின் பெரிய குறை இது என்றே நினைக்கிறேன். முன்பணம் கேட்டு ஆய்வு வழிகாட்டியின் திட்ட நிதியிலிருந்தோ பல்கலைக்கழகத்திடமிருந்தோ பெற முடியுமா என்று பாருங்கள். போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மாறும் விமானத்துக்கு உரியது உட்பட எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒப்புதல் கடிதத்தை முழுசாகப் படியுங்கள். அரசுப் பணத்தில் வாங்கும் விமான டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற நிதி அமைச்சக விதி இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அந்த நிபந்தனை இருந்தும் வேறு தளத்தில் மலிவாகக் கிடைத்ததென்று எடுத்துவிட்டால் பில் திரும்பி வரும்.

உள்நாட்டு மாநாட்டுக்கு, சிஎஸ்ஐஆர் அல்லது யுஜிசி உதவித்தொகை பெறுகிறவர்கள் தங்கள் வருடாந்தர இதர செலவுத் தொகையை (கன்டின்ஜென்சி) மறக்க வேண்டாம். வழிகாட்டியின் ஒப்புதலோடு பதிவுக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் அதிலிருந்து எடுக்கலாம். வருஷக் கடைசியில் பேனாவும் பிரிண்டர் மையும் வாங்கித் தீர்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

எந்த மாநாட்டுக்குப் போவது? இந்தியப் பெருங்கடல் சங்கம் நடத்தும் ஓசிகான், இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்தும் மீகோஸ் இரண்டும் நம்பிப் போகக்கூடியவை. கடல் உயிரியல் சங்கம் 1958-இல் தொடங்கியது. பவளப்பாறை ஆய்வாளர்கள் உலகம் முழுவதிலிருந்தும் கூடுகிற சர்வதேசப் பவளப்பாறைக் கருத்தரங்கு வரிசையில், 2022-இல் ஜெர்மனியின் பிரெமனில் 15-ஆவது நடந்தது. அந்த வரிசையின் முதல் கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? 1969 ஜனவரியில் நம் மண்டபம் முகாமில், நடத்தியது இதே கடல் உயிரியல் சங்கம். ராமேஸ்வரம் போகிற ரயிலில் சாதாரணமாகக் கடந்து போகிற ஊர் அது. நம் பிள்ளைகள் இந்தக் கருத்தரங்குக்கு விண்ணப்பிக்கத் தயங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

போலி மாநாடுகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் வந்தால், ஒரே விடுதியில் ஒரே தேதியில் கடலியலும் பல் மருத்துவமும் மேலாண்மையும் நடந்தால், அமைப்புக் குழுவில் உங்கள் துறையில் யாருக்குமே தெரிந்த பெயர் இல்லையென்றால், பணம் கட்டாதீர்கள். சந்தேகம் என்றால் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

நம் அரசுக்கு வெளியேயும் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. 1957-இல் தோன்றிய ஸ்கோர் என்ற சர்வதேசப் பெருங்கடல் ஆராய்ச்சிக் குழு வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி தருகிறது, ஆனால் அது மாநாட்டை நடத்துகிறவர்களின் வழியாகத்தான் வரும். பதிவுப் படிவத்தில் 'பயண உதவி தேவையா' என்ற கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள் அதை அங்கேயே இழக்கிறார்கள். போகோ என்ற கடல் ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பும் ஸ்கோரும் சேர்ந்து தரும் உதவித்தொகையில் மூன்று மாதம் வரை வேறு நாட்டு ஆய்வகத்தில் பயிற்சி பெறலாம்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: ஆழ்கடல் கனிமங்களைத் தேடும் ஒப்பந்ததாரர்கள் வளரும் நாட்டினருக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பில், 15-ஆம் பிரிவில் உள்ள கடமை இது. ஜமைக்காவில் உள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையம் இதற்கான அறிவிப்புகளை வெளியிடுகிறது. ஆய்வுக் கப்பலில் ஏறி வேலை கற்றுக்கொள்ளும் இடங்களும் அதில் வரும். மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேட 2002-இல் ஒப்பந்தம் போட்ட இந்தியாவும் ஓர் ஒப்பந்ததாரர், கூடவே வளரும் நாடும்கூட. அதனால் மற்ற நாடுகள் கொடுக்கும் இடங்களுக்கு நம் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.

எதற்கு விண்ணப்பித்தாலும் 'ஏன் இந்தப் பயிற்சி வேண்டும்' என்று ஒரு பக்கம் கேட்பார்கள். அங்கே "எனக்குச் சிறுவயது முதலே கடல் மேல் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், தேர்வுக் குழு அதை நூறு தடவை படித்திருக்கும். உங்கள் கையில் இப்போது என்ன தரவு இருக்கிறது, அதில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், பாடத்திட்டத்தில் உள்ள எந்தப் பகுதி அதை அவிழ்க்கும், திரும்பி வந்து துறையில் யாருக்குச் சொல்லித் தருவீர்கள், இதை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக, "பழவேற்காட்டில் இரண்டு பருவத்துக்கு உப்புத்தன்மையும் பச்சையமும் அளந்திருக்கிறேன், செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிடத் தெரியவில்லை, மூன்றாம் நாள் பாடம் அதைப் பற்றியது" என்று எழுதினால் போதும். எழுதியதை அனுப்பும் முன் உங்கள் வழிகாட்டியிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், பரிந்துரைக் கடிதத்திலும் அவர் அதே விஷயத்தை எழுத வசதியாக இருக்கும்.