கான்வென்ட் – கன்னியர் மடம்

கான்வென்ட் என்றால் ஆங்கில வழிப் பள்ளி என்பதே தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கு. பெண் துறவியர் தம் மடத்தை ஒட்டிப் பள்ளிகளை நடத்தியதால் மடத்தின் பெயர் பள்ளிக்கு ஆகிவந்தது.

இலத்தீனில் 'கொன்வெந்துஸ்' என்பது ஒன்றுகூடி வந்தோரின் அவை. இடைக்காலத்தில் அது, ஆணாயினும் பெண்ணாயினும், ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த துறவியர் குழுவைச் சுட்டியது; பின்னரே அவர்கள் வாழ்ந்த கட்டடத்தின் மேல் ஏறியது. லண்டனின் கோவென்ட் கார்டன், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்து ஆண் துறவியரின் தோட்டமாக இருந்த இடம். பெண்களுக்கு மட்டும் உரியதாகச் சொல் சுருங்கியது ஆங்கிலத்தின் பிற்கால வழக்கு. ஜெர்மன் மொழியோ இன்றும் குழுவைக் 'கொன்வென்ட்' என்றும், அடைக்கப்பட்ட இடம் என்னும் பொருளடியாகக் கட்டடத்தைக் 'குளோஸ்டர்' என்றும் பிரித்தே வழங்குகிறது.

குழு வேறு, கட்டடம் வேறு என்னும் இந்த வேறுபாட்டின் பயனை ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலுள்ள புனித கத்தரீனா மடத்தில் காணலாம். 1295-இல் தொடங்கிய இந்த தொமினிக்கன் துறவற சபை மடத்தில் 15-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 500 முதல் 600 கையெழுத்து நூல்கள் சேர்ந்தன. அவற்றில் பலவற்றைத் துறவியரே படியெடுத்தனர். நூலகப் பொறுப்பிலிருந்த குனிகுண்டா நிக்லாசின் பொருள்வாரியாக ஓர் எழுத்தும் எண்ணும் இட்டு நூற்பட்டியல் வகுத்தார். எந்த நாளில் எந்த நூலை உணவு வேளையில் உரக்கப் படிப்பது என்பதற்குக்கூட அங்கே தனிப் பட்டியல் இருந்தது. இத்தனை ஒழுங்கான அறிவு வாழ்க்கையை வெறும் 'கன்னியர் விடுதி' என மொழிபெயர்ப்பது பெரும் பிழை. சீர்திருத்தச் சபைக்கு நகரம் மாறியபின் புதியவரைச் சேர்க்கத் தடை வந்தது. 1596-இல் கடைசித் துறவி இறந்ததும் குழு முடிந்தது. கட்டடம் மட்டும் நின்றது. 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் தேவாலயம் கூரை இழந்தது. இன்று அதன் சுவர்களுக்கிடையே கோடையில் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மடத்து வளாகத்தில் நகர நூலகம் இயங்குகிறது. மடத்தின் நூல்களில் பெரும்பகுதி அந்நூலகத்தின் உடைமையாகவே இருக்கிறது.

தமிழில் 'கன்னியர் மடம்' நிலைபெற்ற சொல். யாழ்ப்பாணத்துத் திருக்குடும்பக் கன்னியர் மடம் பாடசாலையாக இருந்தும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. 'கன்னிமாடம்' அரண்மனை மகளிர் உறைவிடம் ஆதலால் இங்குப் பொருந்தாது. கைம்பெண்களும் துறவேற்ற இடைக்கால மடங்களைப் பற்றி எழுதுகையில் 'பெண் துறவியர் மடம்' என்பது இன்னும் செப்பமானது. குழுவைத் 'துறவியர் குழு' என்றும், துறவியர் இல்லாத இன்றைய கட்டடத்தை 'முன்னாள் கன்னியர் மடம்' என்றும் எழுதலாம்.